சுவருக்குள் போன கணக்கு: வீட்டு வயரிங்கைச் சரிபார்த்த வரலாறு



பி.காம் படிக்கிற ஆளுக்குக் கரண்ட்டோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். போன வருடம் வரை எனக்கும் அதோடு ஒரு வேலையும் இல்லை. பில் வந்தால் கட்டுவது, ஃப்யூஸ் போனால் அப்பாவைக் கூப்பிடுவது, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை எங்கள் வீட்டு கிரைண்டரில் இருந்து தொடங்குகிறது.

ஒரு நாள் காலையில் அம்மா ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "சுர்ருன்னு அடிச்சிருச்சுடா" என்றார். அப்பா டெஸ்டரை எடுத்து வந்து கிரைண்டரின் உடம்பில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது. பிளக்கில் மூன்று பின், சாக்கெட்டில் மூன்று துளை, எல்லாம் முறையாகத்தான் இருந்தது. மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் வீடு தாத்தா 1978-ல் கட்டியது. முன்னறைகளில் இன்னமும் தேக்குப் பட்டையில் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயரிங்தான். பார்க்க அழகில்லை. ஆனால் ஒவ்வொரு வயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம், எர்த் உட்பட. சமையலறையை மட்டும் பதினைந்து வருடத்துக்கு முன்னால் சுவரைக் காடி வெட்டி, பைப் புதைத்து, புது சுவிட்சுகளோடு மாற்றியிருந்தோம். வருகிறவர்கள் எல்லாம் பாராட்டியது அந்தச் சமையலறையைத்தான். எர்த் இல்லாமல் போனதும் அங்கேதான்.

வீடு முழுவதும் வயரிங்கை மாற்றிவிடலாம் என்று முடிவானது. இரண்டு எலக்ட்ரீஷியன்கள் எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஒருவர் சொன்ன தொகை மற்றவரைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்பா குறைந்த தொகைக்காரர் பக்கம் சாய்ந்தார். "ரெண்டு பேரும் வயரைத்தானே இழுக்கப் போறாங்க?" என்பது அவர் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. சுவருக்குள் போய் மறையப் போகிற ஒரு வேலை நல்ல வேலையா இல்லையா என்பதை, அந்தத் தொழில் தெரியாத வீட்டுக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பது? தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, இது வீட்டு வயரிங் பிறந்த நாளிலிருந்தே இருக்கிற கேள்வி என்று தெரிந்தது.

பணக்காரர் வீட்டில் முதல் தீ

வீட்டுக்குள் மின்விளக்கு முதலில் வந்தது பெரும் பணக்காரர்களுக்குத்தான். இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ராங் பிரபு தன்னுடைய கிராக்சைடு மாளிகையில் 1878-ல் நீர்மின்சாரத்தால் ஒரு ஆர்க் விளக்கை எரியவைத்தார். 1880-ல் அங்கே ஜோசப் ஸ்வானின் பல்புகள் எரிந்தன. நியூயார்க்கில் 1882 செப்டம்பர் 4 அன்று எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் ஓடத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் எலக்ட்ரீஷியன் என்று பயிற்சி பெற்ற ஒரு கூட்டமே கிடையாது. வீடுகளில் அழைப்பு மணி மாட்டியவர்கள், கேஸ் குழாய் வேலை பார்த்தவர்கள், தந்தி வேலை தெரிந்தவர்கள் என்று கிடைத்தவர்கள் எல்லாம் இந்த வேலைக்கு வந்தார்கள். அழைப்பு மணி வயரில் ஒரு தவறு நடந்தால் மணி அடிக்காது. விளக்கு வயரில் தவறு நடந்தால் வீடே எரியும். இந்த வித்தியாசத்தை அவர்கள் வேலை செய்துதான் கற்றுக்கொண்டார்கள், அடுத்தவர் வீட்டில்!

ரயில்வே கோடீஸ்வரர் வில்லியம் வாண்டர்பில்ட்டின் புது மாளிகைக்கு எடிசன் ஆட்கள் வயரிங் செய்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த அலங்காரத் தாளில் மெல்லிய உலோக இழைகள் ஓடின. அதில் மின்சாரம் பாய்ந்து தாள் பற்றிக்கொண்டது. தீயை உடனே அணைத்துவிட்டார்கள். ஆனால் கீழ்த்தளத்தில் பாய்லரும் இன்ஜினும் ஓடுவதை அப்போதுதான் அறிந்த திருமதி வாண்டர்பில்ட், பாய்லருக்கு மேலே என்னால் குடியிருக்க முடியாது என்று மொத்த ஏற்பாட்டையும் பிடுங்கி எறியச் சொல்லிவிட்டார்.

வங்கியாளர் ஜே.பி.மார்கன் கதை வேறு மாதிரி. 1882-ல் மாடிசன் அவென்யூவில் இருந்த அவர் வீட்டுக்கு மின்விளக்கு வந்தது. பின்புறம் லாயத்துக்குக் கீழே இன்ஜினும் டைனமோவும் வைத்தார்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். ஒரு நாள் அவருடைய படிப்பறையில் மேசை விளக்குக்குப் போன வயரில் கோளாறாகி மேசையும் கம்பளமும் கருகின. எடிசன் கம்பெனியின் எட்வர்ட் ஜான்சன் வந்து பார்த்தார். (அதே வருடம் கிறிஸ்துமஸ் மரத்தில் முதன்முதலாக மின்விளக்குத் தொங்கவிட்டவர் இவர்தான்!) குற்றம் மின்சாரத்தில் இல்லை, செய்த வேலையில்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். மார்கன் அவரைத் துரத்தவில்லை. வயரிங்கை மறுபடி செய்யவைத்தார்.

படித்த வரையில் "ரீவயரிங்" என்பதன் மிகப் பழைய கதைகளில் ஒன்று இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, எரியும் வரை மார்கனுக்கு அந்த வேலையின் தரம் தெரியவில்லை. கடனுக்கு வருகிற கம்பெனிகளை அலசி ஆராய்கிற மனிதர், தன் மேசைக்குக் கீழே ஓடிய வயரை எடைபோட முடியாமல் இருந்திருக்கிறார்.

1882-ன் நான்கு பக்கங்கள்

அதே 1882-ல் லண்டனில் தந்திப் பொறியாளர்களும் மின்வல்லுநர்களும் சேர்ந்து நடத்திய சங்கம் ஒரு குழுவைப் போட்டு, மின்விளக்கால் வரும் தீ அபாயத்தைத் தடுக்க விதிகளை வெளியிட்டது. மொத்தமே நான்கு பக்கம். அந்தச் சங்கம்தான் பின்னால் ஐ.இ.இ. ஆகி, 2006-ல் ஐ.இ.டி. ஆனது. அந்த நான்கு பக்கத்தின் வாரிசு 2018-ல் வந்த பதினெட்டாம் பதிப்பு. இப்போது அது தடித்த புத்தகம்.

அந்த நான்கு பக்கத்தில் இருந்த இரண்டு விஷயங்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. ஒன்று, மின்சார வேலையின் சிக்கல்கள் உள்ளே இருப்பவை, கண்ணுக்குத் தெரியாதவை, ஆகவே மின்சாரத்தைச் செலுத்திச் சோதிப்பதுதான் ஒரே வழி என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு, தரைக்கு அடியில் மாதிரி கண்ணுக்கு மறைவாக வயர் போனால், அது அடிபடாமல் பாதுகாக்கப்பட வேண்டும், அது எங்கே போகிறது என்பதற்கு அடையாளமும் இருக்க வேண்டும் என்றார்கள். நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் எழுதியது! எங்கள் சமையலறைச் சுவரில் இந்த இரண்டில் ஒன்றுகூட நடக்கவில்லை.

ஏன் இன்சூரன்ஸ்காரர்கள்?

இனிமேல்தான் காமர்ஸ் மாணவனுக்குச் சுவாரசியமான பகுதி. அந்த ஆரம்பக் காலத்தில் வயரிங்கைச் சரிபார்க்க அதிகம் துடித்தவர்கள் அரசாங்கத்தார் இல்லை, தீக் காப்பீட்டு நிறுவனங்கள்! லண்டனில் ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் மஸ்கிரேவ் ஹீஃபி 1882-லேயே தன் நிறுவனத்துக்காகத் தனி வயரிங் விதிகள் எழுதினார். அமெரிக்காவில் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் மின்விளக்கு ஏற்பாடுகளைப் பார்வையிட வில்லியம் மெரில் என்ற இளம் பொறியாளர் இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து போனார். 1894-ல் அவர் தொடங்கிய பரிசோதனைக்கூடம்தான் இன்று யூ.எல். முத்திரை தருகிற நிறுவனம். 1897-ல் அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு வந்தது.

காரணம் எளிது. வீடு எரிந்தால் பணம் கட்டுவது அவர்கள். எலக்ட்ரீஷியன் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. தவறு நடந்தால் கையிலிருந்து காசு போகிற ஆள்தான் சுவரைத் தட்டிப் பார்ப்பான்.

எங்கள் தணிக்கைப் பாடத்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு என்று ஒன்று வரும். வருடம் 1896. தணிக்கையாளர் காவல் நாய் மாதிரி இருந்தால் போதும், வேட்டை நாய் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்ன வழக்கு. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது பார்த்தால், பங்குதாரர் பார்க்க முடியாத கணக்கை யார் பார்ப்பது, வீட்டுக்காரர் பார்க்க முடியாத வயரை யார் பார்ப்பது என்ற இரண்டு கேள்விகளும் ஒரே காலத்தில் பதில் தேடியிருக்கின்றன.

பொருளாதாரத்தில் இதற்குப் பெயரே உண்டு. வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரம் சரியாகத் தெரியாத சரக்குகளைப் பற்றி 1973-ல் டார்பி, கார்னி என்ற இருவர் எழுதினார்கள். மாம்பழத்தைத் தின்றால் இனிப்பு தெரிந்துவிடும். வயரிங் அப்படியில்லை. சுவிட்சைப் போட்டால் நல்ல வேலையிலும் விளக்கு எரியும், மோசமான வேலையிலும் எரியும். எங்கள் சமையலறையில் பதினைந்து வருடம் எரிந்ததே! 1970-ல் ஆகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்துச் சொன்னதும் இங்கே பொருந்தும். தரம் தெரியாத இடத்தில் வாங்குகிறவர் விலையை மட்டுமே பார்ப்பார். அப்போது நல்ல வேலைக்காரருக்குக் கட்டுப்படியாகாது, அவர் விலகிவிடுவார். "ரெண்டு பேரும் வயரைத்தானே இழுக்கப் போறாங்க?" என்று அப்பா கேட்டது அதைத்தான்.

கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கும் கருவி

சோதித்துப் பார் என்று 1882-லேயே சொல்லிவிட்டார்கள், எதைக் கொண்டு சோதிப்பது? இங்கிலாந்தில் சிட்னி எவர்ஷெட் 1889-ல் கையில் தூக்கிச் செல்லும் இன்சுலேஷன் சோதனைக் கருவியைக் கொண்டுவந்தார். 1903-ல் அதற்கு "மெக்கர்" என்று பெயர் பதிவானது. இன்று யார் தயாரித்தாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் மெக்கர்தான்.

வேலை செய்யும் விதம் இதுதான். மெயினை அணைத்துவிட்டு, வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் டி.சி. கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பார்கள். வயரின் தோல் நன்றாக இருந்தால் தடை மெகாஓம் கணக்கில் காட்டும். பைப்புக்குள் இழுக்கும்போது தோல் உரிந்திருந்தாலோ, பைப்பில் தண்ணீர் இறங்கியிருந்தாலோ முள் விழுந்துவிடும். நம் ஊர் பாடப்புத்தகங்களில் ஒரு பழைய கணக்கு உண்டு: 50-ஐ பாயிண்ட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற மெகாஓமுக்குக் குறையக் கூடாது. 50 பாயிண்ட் வீடு என்றால் 1 மெகாஓம். வகுத்தல் தெரிந்தால் போதும், நாமே சரிபார்த்துவிடலாம்.

ஒரு திருகாணியின் கதை

சோதனை மட்டும் போதாது, வயர் போகிற வழியும் முக்கியம் என்பதற்கு ஒரு வேதனையான உதாரணம் உண்டு. 2004-ல் இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஜென்னி டாங்கின் மகள் தன் சமையலறையில் மின்சாரம் தாக்கி இறந்தார். சுவருக்குள் வயரை நேராகக் கொண்டுபோகாமல் குறுக்காகச் சாய்த்துப் புதைத்திருந்தார்கள். அந்தச் சுவரில் பாத்திரம் மாட்டும் உலோகச் சட்டத்துக்குத் திருகாணி அடித்தபோது அது வயரில் பட்டிருக்கிறது. நாளடைவில் சட்டத்தில் மின்சாரம் ஏறிவிட்டது. அதைத் தொட்டபடி இன்னொரு உலோகப் பரப்பையும் தொட்டவர் உயிர் போய்விட்டது. வீட்டு மின்வேலையைக் கட்டிட விதிகளுக்குள் கொண்டுவரும் "பார்ட் பி" என்ற பகுதி, ஏற்கெனவே தயாராகிக் கொண்டிருந்தது, 2005 ஜனவரியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அமலுக்கு வந்தது.

நேர்மேலாகவோ கிடைமட்டமாகவோ வயர் போயிருந்தால், சுவிட்சைப் பார்த்தே அது எந்த வழியில் போகிறது என்று ஊகித்திருக்கலாம். அடையாளம் வேண்டும் என்று 1882-ல் சொன்னது சும்மா இல்லை. சாய்த்து இழுத்தால் சில அடி வயர் மிச்சம். அவ்வளவுதான் லாபம்!

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1910-ல் மின்சாரச் சட்டம் வந்தது. 1956-ன் விதிகளும், அவற்றுக்குப் பின்னால் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிமுறைகளும் ஒரே விஷயத்தைச் சொல்லின. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைகள் தவிர்த்து, புது வயரிங்கோ மாற்றமோ எதுவானாலும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வையிட வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சான்றுகளைத் தருவதற்கு மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது.

புது வீட்டுக்கு இணைப்பு வாங்கும்போதாவது ஒரு தாளில் கையெழுத்து கேட்பார்கள். பழைய வீட்டில் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் தெருவில் நான் விசாரித்தவரை, வயரிங்கை மாற்றியபோது யாரும் வந்து பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. அப்படியென்றால் காவல் நாய் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

நாங்கள் பார்த்தவை

கடைசியில் இரண்டு எஸ்டிமேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேலன்ஸ் ஷீட் பார்க்கிற மாதிரி வரி வரியாகப் பார்த்தேன். குறைந்த எஸ்டிமேட்டில் பச்சை நிற எர்த் வயருக்கு வரியே இல்லை. எர்த் குழி இல்லை. ஆர்.சி.சி.பி. இல்லை. சோதனை என்ற சொல்லே இல்லை. மூன்றில் ஒரு பங்கு எங்கே போனது என்று புரிந்துவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பெரியவரையே வரச் சொல்லு" என்றார்.

வந்தவருக்கு வயது அறுபதுக்கு மேல். முதல் நாளே அவர் சொன்னது இதுதான்: "தம்பி, பாக்குறதெல்லாம் பூச்சு வேலைக்கு முன்னாடி பாத்துக்க. பூசுன பிறகு சாமியே வந்தாலும் ஒண்ணும் தெரியாது."

அதன்படி பூச்சுக்கு முன்னால் பார்த்தவை: பைப் எல்லாம் நேராகவோ கிடையாகவோ போகிறதா, பைப்புக்கு உள்ளே எங்காவது வயரை ஒட்டுப்போட்டிருக்கிறார்களா (ஒட்டு ஜங்ஷன் பாக்ஸில் மட்டும்தான் இருக்கலாம்), ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பச்சை வயர் வந்து சேர்கிறதா. ஒவ்வொரு சுவரையும் டேப்பைப் பிடித்து அளந்தபடி செல்போனில் படம் எடுத்தேன். அடுத்த முறை ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் எங்களுக்கு அடையாளம்.

பூச்சுக்குப் பின்னால் பார்த்தவை: சுவிட்ச் நியூட்ரலை வெட்டாமல் பேஸை வெட்டுகிறதா, எம்.சி.பி. வயரின் தடிமனுக்கு ஏற்றதா. இந்த இரண்டாவதில் பலரும் ஏமாறுகிறார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் அடிக்கடி ட்ரிப் ஆகாது, வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் எம்.சி.பி. விழுவதற்கு முன்னால் வயர் வெந்துவிடும்.

ஆர்.சி.சி.பி. பற்றியும் ஒரு வார்த்தை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் டால்சியல், மனித உடம்பு எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்று ஆராய்ந்தவர், 1961-ல் இந்த வகைக் கருவியை அமெரிக்காவில் உருவாக்கினார். நம் வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்துவிடும் வகை. அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் சோதிப்பது கருவியை மட்டும்தான். சாக்கெட்டுக்கு எர்த் வயர் வந்திருக்கிறதா என்று அது சொல்லாது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சமையலறைச் சுவரை உடைத்த அன்று நானும் பக்கத்தில் நின்றேன். பழைய பைப்பிலிருந்து சிவப்பும் கறுப்பும் வந்தன. அவற்றோடு ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பச்சை வயர் துண்டும் வந்தது. போர்டு பக்கமிருந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு மட்டும் உள்ளே செருகியிருக்கிறார்கள். மறுமுனை எதிலும் சேரவில்லை. சாக்கெட் வரைக்கும் அது வரவேயில்லை. மறந்துபோன வேலையாக இருந்தால் அந்தத் துண்டு அங்கே எதற்கு? எங்கள் பாடத்தில் இதைப் பொய்ப் பதிவு என்பார்கள். அந்தப் பதிவை நம்பி அம்மா பதினைந்து வருடம் ஈரக் கையோடு மாவாட்டியிருக்கிறார்.

கடைசி நாள் பெரியவர் மெக்கரைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் 38 பாயிண்ட். 50-ஐ 38-ஆல் வகுத்தால் 1.3 மெகாஓம். அவர் கருவி அதைவிடப் பல மடங்கு காட்டியது. அந்த எண்ணையும் தேதியையும் டிபி பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். "எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"இருபது வருஷம் கழிச்சு இன்னொருத்தன் வந்து மறுபடி அளப்பான்ல, அவனுக்கு" என்றார்.

உங்கள் வீட்டில் வயரிங் வேலை நடந்தால், வேலை முடிகிற அன்று இந்த ஒரு எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். தரத் தயங்குகிறவரிடம் கடைசித் தவணையைக் கொடுக்க நீங்களும் கொஞ்சம் தயங்கலாம்.